பந்து போட மட்டும் கூப்பிடுகிறார்கள்

பொங்கல் வந்தால் காரைக்கால் மாவட்டத்தில் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடக்காத கிராமம் குறைவு. அறுத்து முடித்த வயல், ஆற்றோரத் திடல், கடற்கரை மணல் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். மைக் செட், ஃபிளெக்ஸ் பேனர், முதல் பரிசு, சுழல் கோப்பை எல்லாம் உண்டு. அப்படி ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தை இந்த ஆண்டு நான் பார்த்தேன். ஊர்த்தெரு அணிக்காகப் பந்து வீசியவன் காலனித் தம்பி ஒருவன். மேஸ்திரியோடு கட்டட வேலைக்குப் போகிறவன். கடைசி ஓவரை அவனிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு விக்கெட் எடுத்தான், ஊர்த்தெரு ஜெயித்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அன்று இரவு ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் பிரியாணி. தம்பிக்குப் பொட்டலம் தெருமுனைக்கு வந்தது. மறுநாள் கட்டிய வெற்றி பேனரில் பதினோரு முகங்கள் இருந்தன, அவன் முகம் இல்லை. அவன் 'கெஸ்ட் பிளேயராம்'.

நான் அவனிடம் கேட்டேன், கோபம் வரவில்லையா என்று. அவன் பொட்டலத்தைப் பற்றியோ பேனரைப் பற்றியோ பேசவில்லை. வேறொன்று சொன்னான்: "அதெல்லாம் பழகிடுச்சுண்ணே. ஆனா பந்து போடுறவன்தானே எவன் எங்க நிக்கணும்னு சொல்லணும்? நான் லாங் ஆன்ல நில்லுன்னு சொன்னா எவனும் நிக்க மாட்டான். கேப்டன்ட்ட சொல்லி, அவரு சொன்னாதான் நிப்பாங்க. பந்து போட மட்டும்தாண்ணே கூப்புடுறாங்க."

இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தம்பி சொன்னதைப் பற்றியதுதான். ஏனென்றால் நம் கூடப் படித்தவர்கள், முற்போக்கு பேசுகிறவர்கள் உட்பட, நம்மிடம் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "திறமை இருந்தா போதும், சாதி என்ன பண்ணிடும்? விளையாட்டுல எல்லாரும் சமம்தானே." இந்த வாக்கியம் பொய் என்பதற்குச் சாட்சி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருக்கிறது. அந்தச் சாட்சியின் பெயர் பல்வாங்கர் பாலு.

1911: ஒரு பருவம், 114 விக்கெட்

இந்தியாவின் பெயரில் முதன்முதலாக ஒரு கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போனது 1911 கோடையில். பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மதவாரியாகப் பங்கு பிரித்துத் தேர்ந்தெடுத்த அணி. அதன் கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங், வயது பத்தொன்பது. அவர் சில ஆட்டங்களோடு ஒதுங்கிக்கொண்டார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா நடந்த கோடை அது, மகாராஜாவுக்கு வேறு விருந்துகள் இருந்தன.

அணி 23 ஆட்டங்கள் ஆடியது. வென்றது 6, தோற்றது 15, சமன் 2. சுற்றுப்பயணம் என்ற வகையில் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்விக்குள் ஒரு மனிதர் தனியாக நின்றார். இடது கைச் சுழற்பந்து வீச்சாளர் பாலு, அந்த ஒரே பருவத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. முதல்தர ஆட்டங்களில் மட்டும் எழுபத்தைந்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் எட்டு. லெஸ்டர்ஷயர் அணியை இந்திய அணி வென்றபோது, அந்த ஆட்டத்தில் பதினோரு விக்கெட் அவருடையது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. தோள்பட்டை வலியோடு வீசிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார். சோமர்செட் அணிக்கு எதிராகச் சதம் அடித்து வெற்றி தேடித்தந்தவர் அவர்தான்.

பாலுவும் சிவராமும் தலித்துகள். தோல் பதனிடும் தொழிலை வைத்துத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர்கள்.

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர் ஒரு தலித். நம் பாடப் புத்தகத்தில் இவர் பெயரை நீங்கள் படித்திருக்கிறீர்களா? ரஞ்சி பெயரில் கோப்பை இருக்கிறது, துலீப் பெயரில் கோப்பை இருக்கிறது. இரண்டு பேருமே ஆடியது இங்கிலாந்துக்காக. இந்தியாவின் பெயரில் போய் 114 விக்கெட் எடுத்தவர் பெயரைக் கேட்டால், கிரிக்கெட் வெறியர்கள் பலர் கூகுளில் தேடுகிறார்கள்.

பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது

பாலு கிரிக்கெட்டுக்குள் நுழைந்த வாசலைப் பாருங்கள். புனேயில் பார்சிகளின் கிளப் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்கிற வேலை. சம்பளம் மாதம் மூன்று ரூபாய். பிறகு 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் அதே வேலை, நான்கு ரூபாய். அங்கே வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆள் தேவைப்பட்டது. கேப்டன் கிரெய்க் என்ற ராணுவ அதிகாரி நல்ல மட்டையாளர். அவருக்கு மணிக்கணக்கில் பாலு பந்து போட்டார். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறையும் கிரெய்க் எட்டணா கொடுப்பார் என்று சொல்வார்கள். எட்டணா கொடுத்த அந்த கிளப் ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. பாலுவின் கையில் ஒருநாளும் மட்டையைக் கொடுத்து ஆடச் சொல்லவில்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை, பந்து போடுவது கூலி வேலை.

வெள்ளைக்காரர் வலையில் இப்படி ஒரு பந்துவீச்சாளர் இருக்கிறார் என்ற சேதி புனே இந்துக்களின் கிளப்புக்கு எட்டியது. பூனா ஐரோப்பியர் அணியை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சாதி ஒருபக்கம் இழுக்கிறது, வெற்றி ஆசை மறுபக்கம் இழுக்கிறது. பார்ப்பன ஆட்டக்காரர்களில் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். பாலு ஆடுவார். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில் தேநீர். அவர் முகம் கழுவ வேண்டுமென்றால், இன்னொரு தீண்டத்தகாத வேலையாள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். மதியச் சாப்பாடு தனி மேசையில்.

இந்தச் சமரசத்தின் அறிவைக் கவனியுங்கள். கிரிக்கெட் பந்து தோலால் ஆனது. அதை அவர் விரலால் சுழற்றி வீசுகிறார். அதே பந்தைத்தான் பார்ப்பனர் பிடித்து, துடைத்து, திருப்பி எறிகிறார். அந்தப் பந்து வழியாகத் தீட்டு பரவவில்லை. கோப்பை வழியாக மட்டும் பரவுமாம்! தீட்டு எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்பதை முடிவு செய்தது சாஸ்திரமா, ஸ்கோர் போர்டா?

நம் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. நாற்று நட்ட கை தீட்டு இல்லை, அறுத்துக் கட்டிய கை தீட்டு இல்லை, களத்தில் தூற்றிய கை தீட்டு இல்லை. அந்தக் கை டம்ளரைத் தொட்டால் மட்டும் தீட்டு. உழைப்பு விளைகிற இடத்தில் தீண்டாமைக்கு விதிவிலக்கு உண்டு. மரியாதை கொடுக்க வேண்டிய இடத்தில் விதிவிலக்கு கிடையாது. சாதியை மூடநம்பிக்கை என்று மட்டும் விளக்குபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். மூடநம்பிக்கையாக இருந்தால் பந்தும் தீட்டாகியிருக்க வேண்டும். இது கணக்குப் பார்த்துச் செய்த ஏற்பாடு.

கோப்பை கிடைத்தது, கேப்டன் பதவி கிடைக்கவில்லை

"அதெல்லாம் புனேயில், பிறகு மாறிவிட்டதே" என்பார்கள். மாறியது உண்மைதான். பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906 பிப்ரவரியில் இந்துக்கள் ஐரோப்பியர் அணியை 109 ரன்னில் வீழ்த்தியபோது, அந்த வெற்றியில் பாலுவின் பங்கு பெரியது. சீர்திருத்தக்காரர்கள் கொண்டாடினார்கள், பத்திரிகைகள் எழுதின. மண் குவளை போய், சக ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் நிலையும் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு கதவு மூடியே இருந்தது. ஆண்டுதோறும் பம்பாயில் நடந்த போட்டிகளில் இந்து அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பாலுதான். 1911 இங்கிலாந்துப் பருவத்துக்குப் பிறகு அதில் யாருக்கும் சந்தேகமே இருந்திருக்க முடியாது. அனுபவத்திலும் மூத்தவர். ஆனால் கேப்டன் பதவி ஒருமுறைகூட அவருக்கு வரவில்லை. எம்.டி. பை என்ற பார்ப்பனர் 1913-ல் கேப்டன் ஆனார். அந்த மனிதரே ஒரு பாராட்டுக் கூட்டத்தில், இந்தப் பதவி மூத்தவரான பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நேர்மையான பேச்சுதான். ஆனால் நேர்மையான பேச்சு தேர்வுக் குழுவை மாற்றவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே கதைதான்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஏன் கோப்பையை விட்டுக்கொடுத்தவர்கள் கேப்டன் பதவியை விட்டுக்கொடுக்கவில்லை? கேப்டன் என்பவன் "நீ இங்கே நில்" என்று சொல்கிறவன். பார்ப்பன மட்டையாளரைப் பார்த்து ஒரு தலித் "நீ கடைசியில் இறங்கு" என்று சொல்வது. அவன் சொல்லை மற்ற பத்துப் பேரும் கேட்டு நடப்பது. தொட்டுக்கொள்வதைவிடச் சாதிக்குக் கசப்பானது கட்டுப்படுவது. காரைக்கால் தம்பி லாங் ஆனைக் காட்டிச் சொன்னது இதைத்தான்.

சைகையைப் பார்க்காத பந்துவீச்சாளர்

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பருவம். பாலுவின் பருவத்துக்கு 27 ஆண்டு முன்னால், 1884.

பேஸ்பால் அங்கே தொழில்முறை ஆட்டமாக வளர்ந்துகொண்டிருந்த காலம். அந்த ஆண்டு, பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் அசோசியேஷனில் ஒஹையோ மாநிலத்தின் டோலிடோ நகர அணி சேர்ந்தது. அதில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் 'கேட்சர்'. நம் விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். ஒரு வித்தியாசம்: அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்று கைவிரலால் சைகை காட்டுவது கேட்சர்தான். பந்துவீச்சாளர் அதைப் பார்த்து வீச வேண்டும். இன்றைக்கு இருப்பது மாதிரி கனமான கையுறைகூட அப்போது கிடையாது.

டோலிடோவின் நட்சத்திரப் பந்துவீச்சாளர் டோனி முல்லேன். வெள்ளையர். பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்: தான் சேர்ந்து ஆடிய கேட்சர்களில் வாக்கர்தான் சிறந்தவர், ஆனால் கறுப்பரைத் தனக்குப் பிடிக்காது, அதனால் அவர் காட்டும் சைகையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு வீசுவேன் என்று. என்ன பந்து வருகிறது என்று தெரியாமலே வாக்கர் அதைப் பிடித்தார். விரல் போனாலும் விலா எலும்பு போனாலும் அது அவர் பாடு. சிறந்தவர் என்று தெரிந்தே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்திருக்கிறார் முல்லேன். தோற்றாலும் பரவாயில்லை, கறுப்பனின் கைவிரல் சொல்வதை நான் கேட்க மாட்டேன் என்பதுதான் அதன் பொருள்.

வாக்கர் அந்தப் பருவத்தில் 42 ஆட்டங்கள் ஆடினார். ரிச்மண்ட் நகரில் வாக்கர் களமிறங்கினால் 75 பேர் திரண்டு தாக்குவோம் என்று அணி நிர்வாகிக்கு மிரட்டல் கடிதம் வந்தது. காயம் பட்டிருந்த வாக்கர் அந்தப் பயணத்தில் போகவில்லை, அந்தப் பருவத்தோடு பெரிய லீக்கில் அவர் வாழ்க்கையும் முடிந்தது. 1887 ஜூலையில், அவர் அப்போது ஆடிக்கொண்டிருந்த இன்டர்நேஷனல் லீக், இனிமேல் கறுப்பர்களை ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுத்து முடிவு செய்தது. பெரிய லீக்குகளில் சட்டப் புத்தகத்தில் எழுதாமலே கதவைச் சாத்தினார்கள். 1947-ல் ஜாக்கி ராபின்சன் உள்ளே வரும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. வாக்கருக்கும் ராபின்சனுக்கும் நடுவில் 63 ஆண்டுகள்.

"ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டால் போதும், பிறகு கதவு தானாகத் திறந்துகொள்ளும்" என்று நம்புகிறவர்கள் இந்த 63 ஆண்டை எண்ணிப் பார்க்க வேண்டும். வாக்கர் நுழைந்தார். நன்றாகவும் ஆடினார். அதற்குப் பிறகுதான் கதவு இறுகியது. தேர்வு செய்கிற அதிகாரம் அவர் கையிலோ அவர் மக்கள் கையிலோ இல்லாதபோது, உள்ளே விட்டவர்களுக்கு வெளியே தள்ளவும் தெரியும்.

ஆட மாட்டோம் என்ற நாள்

பம்பாய்க் கதை அப்படி முடியவில்லை. அதற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் இல்லை.

1920-ல் பாலுவை முதல் ஆட்டத்துக்கான அணியிலிருந்து நீக்கினார்கள். வயதைக் காரணம் காட்டியிருக்கலாம். ஆனால் அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் சாதியைக் காரணமாகப் பார்த்தார்கள். விட்டல் அப்போது அணியின் மிகச் சிறந்த மட்டையாளர், கேப்டன் பதவிக்கு அவர் பெயரையும் எடுக்கவில்லை. இரண்டு பேரும் அணியிலிருந்து விலகினார்கள். விலகியதை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாமல் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பம்பாயில் அது பெரிய விவாதமானது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டம் வந்தபோது இந்து ஜிம்கானா இறங்கிவந்தது. தம்பிகள் திரும்பினார்கள். பாலு துணைக் கேப்டன் ஆனார். ஆட்டத்தின் நடுவே பை களத்தைவிட்டு வெளியேற, சிறிது நேரமாவது பாலு அந்த அணியை நடத்தினார்.

மூன்று ஆண்டு கழித்து, 1923-ல், விட்டல் இந்து அணியின் கேப்டன் ஆனார். அந்த ஆண்டே ஐரோப்பியரை வீழ்த்திக் கோப்பையை வென்றார்கள். பார்ப்பனர்களும் பிற சாதி இந்துக்களும் ஒரு சமாரின் சொல்படி களத்தில் இடம் மாறி நின்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பாலுவின் இருபது ஆண்டு விக்கெட்டுகள் வாங்கித் தராத பதவியை, தம்பிகள் ஆடாமல் இருந்தது வாங்கித் தந்தது. அந்த விக்கெட்டுகள் இல்லையென்றால் அவர்கள் விலகியதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. திறமை நம் கையில் உள்ள பேரம் பேசும் பலம். அதைப் பேரம் பேசாமலே கொடுத்துக்கொண்டிருந்தால் முதுகில் தட்டுவார்கள், தோளில் தூக்குவார்கள், பொட்டலம் கொடுப்பார்கள்.

பாலுவின் தவறும் நம் பாடமும்

பாலுவைத் தெய்வமாக்கும் கட்டுரை இது இல்லை. அண்ணல் அம்பேத்கர் பெரிதும் மதித்த மனிதர் அவர். ஆனால் 1932-ல் தலித்துகளுக்குத் தனித்தொகுதி வேண்டுமா, கூட்டுத்தொகுதி போதுமா என்ற கேள்வி வந்தபோது, பாலு கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். நம் எம்.சி. ராஜாவும் அப்போது அந்தப் பக்கம்தான். காந்தியின் உண்ணாவிரதத்துக்கு முன்னால் அம்பேத்கரை இறங்கிவரச் சொன்னவர்களில் இருவரும் உண்டு. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலுதான். அம்பேத்கருக்கு 13,245 வாக்கு, பாலுவுக்கு 11,225.

கேப்டன் பதவி மறுத்த அதே சமூகம், அம்பேத்கரை வீழ்த்த வேண்டியபோது பாலுவைக் கூப்பிட்டது. அங்கேயும் பந்து போடத்தான் கூப்பிட்டார்கள். ஃபீல்டு செட் செய்தவர்கள் வேறு ஆட்கள். இதை நான் பாலுவைக் குறைசொல்ல எழுதவில்லை. மண் குவளையிலிருந்து தோளில் தூக்கும் காலம்வரை பார்த்த ஒருவருக்கு, இவர்கள் மெல்ல மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை வருவது இயல்பு. அந்த நம்பிக்கையை அவர் தன் மக்களின் அரசியல் உரிமை வரை நீட்டினார். அங்கேதான் பிழைத்தது.

தனித்தொகுதியில் எங்கள் தலைவரை நாங்கள் தேர்ந்தெடுப்போம் என்று அம்பேத்கர் கேட்டார். கிடைத்ததோ, எங்கள் இடத்துக்கு யார் என்பதை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. காரைக்காலின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்றான நெடுங்காடு இன்றைக்கு அந்த வகைத் தொகுதிதான். எந்தக் கட்சியில், யார் வீட்டுத் திண்ணையில், எந்தப் பெரிய மனிதரைக் கேட்டு இப்படிப்பட்ட தொகுதிகளுக்கு வேட்பாளரை முடிவு செய்கிறார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் யார் கேப்டன்?

சட்டமன்றத்தை விடுங்கள். காரைக்காலில் தெருக்குழாய், சுடுகாட்டுப் பாதை, திடல், விளக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன்கள். அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள் இந்த அமைப்புகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் தலைவர் பதவி வரை இடம் ஒதுக்குகின்றன.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. பிறகு 38 ஆண்டு கழித்து 2006-ல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவிப்பு வந்து, இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் நின்றுபோனது. இன்று இருபது வயதில் வாக்காளர் பட்டியலில் இருக்கும் காரைக்கால் இளைஞர் ஒருவர் தன் வாழ்க்கையில் ஒரு பஞ்சாயத்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. எல்லாம் அதிகாரிகள் கையில்.

தமிழ்நாட்டில் மேலவளவில் தலித் தலைவர் முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து ஆண்டு தேர்தலையே நடத்தவிடவில்லை. அங்கே ஒரு தலித்தின் சொல்லுக்குக் கட்டுப்பட மறுத்தவர்கள் அரிவாளோடும் மிரட்டலோடும் வந்தார்கள். புதுச்சேரியில் அரிவாளுக்கு வேலையே வைக்காமல் தேர்தலை நடத்தாமலே இருந்துவிட்டார்கள். இதற்கு ஆயிரம் சட்டக் காரணம் சொல்லலாம். விளைவு ஒன்றுதான்: காலனியிலிருந்து ஒருவரும், ஒரு பெண்ணும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து "இந்தத் திடல் எல்லோருக்கும்" என்று கையெழுத்துப் போட முடியவில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்தார்கள். அவர்கள் உழைக்க மறுக்கவில்லை. கூலியை உயர்த்திக் கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள், கொடியை இறக்க மறுத்தார்கள். உழைப்பு வேண்டும், உழைக்கிறவனின் சொல் வேண்டாம் என்பது இந்த மண்ணில் நெருப்போடு எழுதிய விதி. ஒரு கிரிக்கெட் போட்டியில் லாங் ஆனில் நிற்க மறுப்பதை அதோடு வைத்துப் பேசுவது மிகை என்று சிலர் சொல்லலாம். அளவில் இரண்டும் ஒன்றில்லை, உயிரோடு விளையாட்டை ஒப்பிட முடியாது. ஆனால் "நீ சொல்லி நான் கேட்பதா" என்ற அந்த ஒரு கேள்விதான் இரண்டு இடத்திலும் இருக்கிறது. திடலில் அதைச் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதால் நாமும் சிரித்துக்கொண்டு கடந்துவிடுகிறோம்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால்

ஆகவே இளம் தோழர்களிடம், குறிப்பாக ஊர்த்தெருவில் பிறந்து முற்போக்கு பேசும் தோழர்களிடம் கேட்கிறேன். உங்கள் அணியில் காலனித் தம்பிகள் ஆடுகிறார்கள் என்று பெருமை பேசாதீர்கள். பூனா கிளப்பும் அந்தப் பெருமையைப் பேசியிருக்கும். அதற்குப் பதில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் போட்டிக் குழுவில் காலனி ஆள் எத்தனை பேர்? வசூல் நோட்டு யார் கையில்? கடந்த பத்து ஆண்டில் உங்கள் அணிக்குக் காலனியிலிருந்து ஒரு கேப்டன் உண்டா? அவர் கைகாட்டிய இடத்தில் போய் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? வெற்றி விருந்து யார் வீட்டில், யார் எந்த இலையில்? காலனிக்கென்று ஒரு திடல் இருக்கிறதா, அதைச் சமப்படுத்த யார் மனு கொடுத்தார்கள்?

காலனித் தோழர்களிடம் சொல்ல எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. சிவராமும் விட்டலும் 1920-லேயே செய்துகாட்டிவிட்டார்கள். உங்கள் கை இல்லாமல் அவர்களால் கோப்பையைத் தொட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சேர்ந்து சொல்லுங்கள், பகிரங்கமாகச் சொல்லுங்கள். உள்ளாட்சித் தேர்தல் கேட்டும் அதே குரலில் சொல்லுங்கள்.

கடைசியாக அந்தத் தம்பியைப் பற்றி. போன வாரம் பார்த்தேன். அடுத்த போட்டிக்கு ஊர்த்தெருவிலிருந்து மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். "ஃபீல்டு நான்தான் செட் பண்ணுவேன், ஒத்துக்கிட்டா வர்றேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் காலனியிலேயே ஓர் அணி கட்டப் போகிறார்களாம். ஸ்டம்புக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.